கலெக்டரம்மாவுக்கு ஒரு கடல்

ஜூலை 3, புதன்

முப்பத்து மூன்று வருடம் பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்ததற்கு, மே மாதம் பணி நிறைவு விழாவில் ஒரு சால்வை, ஒரு குத்துவிளக்கு, இந்த டைரி. மே மாதக் கடைசியில் ஒருத்திக்கு டைரி கொடுத்தால் அது எங்கே மிஞ்சிக் கிடந்தது என்று அவளுக்குத் தெரியாதா? சரி, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இன்றுதான் இதில் எழுத விஷயம் கிடைத்தது.

ஜெபமணி சார் போன் செய்தார். அடுத்த தெருப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். பாளையங்கோட்டையில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் வைத்திருந்த கிறுக்குகள் இரண்டே பேர், அவரும் நானும்.

"டீச்சர், மக கனடாவுக்குக் கூப்பிடுதா. செப்டம்பர் இருபது டிக்கெட். வீட்டைப் பூட்டிட்டுப் போறோம். ஒங்க கலெக்டர வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

கலெக்டர் ஒரு மீன். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். என் மகள் செண்பகா எட்டாவது படிக்கும்போது வைத்த பெயர். தொட்டிக்குள் யார் கை விட்டாலும் வந்து கடிக்கும், நாள் முழுக்க ரவுண்ட்ஸ் போகும், அதனால் கலெக்டர். குடியிருப்பது ஒரு கடல் சாமந்திக்குள். பார்க்கப் பூ, உண்மையில் அதுவும் ஒரு பிராணி. அதற்குப் பெயர் கலெக்டர் பங்களா.

2012 மின்வெட்டை யார் மறப்பார்? பகலில் பாதி கரண்ட் கிடையாது, ராத்திரியில் மீதி கிடையாது. தண்ணீரில் காற்று ஓடாமல் என் தொட்டி மொத்தமும் ஒரே வாரத்தில் செத்தது. மிஞ்சிய கலெக்டரையும் பங்களாவையும் வாளியில் தூக்கிக்கொண்டு, ஜெனரேட்டர் வைத்திருந்த ஜெபமணி சார் வீட்டுக்கு ஓடினேன். "ஒரு வாரம் வச்சிருங்க சார்" என்றேன். பன்னிரண்டு வருடமாக வைத்திருக்கிறார்.

"இன்னொரு விஷயம் டீச்சர். கலெக்டர் இப்போ கலெக்டரம்மா. சோடிக்கு ஒரு சின்ன மீன் வாங்கி விட்டேன். பெருசா இருக்கது பொம்பளையா மாறிரும்லா. முட்டையெல்லாம் போட்டுச்சு. சோடிதான் போன வருசம் போய்ச் சேந்துட்டு."

நான் எடுத்துக்கொள்ளாவிட்டால் தூத்துக்குடியில் ஒரு ஓட்டல்காரர் வரவேற்பறைத் தொட்டிக்குக் கேட்கிறாராம்.

எனக்கு அந்த மீன் மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. கொடுத்து வைத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வது முறை. அவ்வளவுதான்.

ஜூலை 4, வியாழன்

இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் பிரமநாயகம், டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.

"மறுபடியுமா உலகு?" என்றார். உலகு என்றால் நான்தான். பிறகு, "தொட்டிய எங்கன வைப்ப?"

"செண்பகா ரூம்லதான். சும்மாதான கெடக்கு."

ஒரு பார்வை பார்த்தார். என்ன பார்வை என்று கேட்டேன். ஒண்ணுமில்ல என்றார்.

செண்பகா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அதைப் பற்றி எழுத இந்த டைரியில் இடமில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பரணிலிருந்து தொட்டியை இறக்கினோம். உள்ளே கொலு பொம்மைகள் குடியிருந்தன. காலி செய்து, கழுவி, தண்ணீர் நிரப்பிப் பார்த்தால் ஒரு மூலையில் ஒழுகுகிறது. இவர் எம்-சீல் போடலாம் என்றார். வேண்டாம் என்று நானே மீன் தொட்டிப் பசை வாங்கி அடைத்தேன். தொட்டிக்குள் எதைப் போடுவது, எதைத் தொடுவது என்று என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார். கடையில் வாடிக்கையாளர் விலை குறைத்துக் கேட்டாலும் இப்படித்தான் ஆட்டுவார்.

ஜூலை 14, ஞாயிறு

கடல் தண்ணீர் எடுக்கத் திருச்செந்தூர். கடையின் குட்டி யானை வண்டி நிறைய கேன்கள். கோயில் கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு பேரும் மொண்டு மொண்டு ஊற்றினோம். சிவகாசிப் பக்கத்து அம்மா ஒருத்தி நனைந்த சேலையோடு வந்து நின்றுகொண்டாள்.

"பரிகாரமாம்மா? எந்தச் சோசியர் சொன்னாரு?"

"பரிகாரம் இல்ல. மீனுக்கு."

"மீன ராசியா? அதான் இத்தன கேனு. ஏழரை ஆரம்பிச்சிருச்சுல்ல" என்று சொல்லி, பெரிய மனது பண்ணித் தன் பிள்ளைகளையும் கூப்பிட்டு மொண்டு கொடுக்கச் சொன்னாள். வேலை பாதி நேரத்தில் முடிந்தது.

வீட்டுக்கு வந்து இறக்கினால், எதிர்வீட்டு விசாலாட்சி மைனி சொம்போடு நிற்கிறாள். "திருச்செந்தூர் தீர்த்தமாமே, கொஞ்சம் குடுங்க, வீட்டுல தெளிக்கணும்." ஒரு சொம்பு கொடுத்தேன். அவள் போய்ச் சொல்லி இன்னும் நான்கு வீட்டுச் சொம்புகள் வந்தன. மகாப்பிரபு முருகன் பெயரில் எனக்கு ஒரு கேன் நஷ்டம்.

ஜூலை 18, வியாழன்

தொட்டி தயாராவது என்றால் தண்ணீரும் பாறையும் போட்டதும் முடிந்துவிடாது. ஏதாவது ஒன்று உள்ளே அழுக வேண்டும். அழுகினால் அமோனியா வரும். அமோனியாவைத் தின்ன ஒரு வகை நுண்ணுயிரி வளரும், அது நைட்ரைட் ஆக்கும். அதைத் தின்ன இன்னொரு வகை வளரும், அது அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட் ஆக்கும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால்தான் உயிருள்ள எதையும் விடலாம். டியூஷன் வைத்தாலும் இது சீக்கிரம் நடக்காது.

அழுகுவதற்குச் சிறந்தது இறால். நாங்களோ சைவம். போன தடவை அந்த வேலையை ஜெபமணி சார் பார்த்துக்கொண்டார். இந்த முறை அவர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே இன்று நான், பாளையங்கோட்டை மார்க்கெட்டின் மீன் பக்கத்தில், அறுபது வயதில் முதல் தடவையாக, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு.

"எத்தன கிலோக்கா?"

"ஒரு இறால்."

"ஒரு கிலோவா?"

"கிலோ இல்ல. ஒரே ஒரு இறால்."

அந்தம்மா பக்கத்துக் கடையைக் கூப்பிட்டாள். "ஏ ரீத்தா, இங்க வா. இந்த அக்கா ஒத்த இறால் கேக்காவ." பிறகு என்னிடம், "வீட்டுல எத்தன பேருக்கா?"

"ரெண்டு பேரு."

"ரெண்டு பேருக்கு ஒண்ணா? பாகம் பிரிச்சா?"

"திங்கதுக்கு இல்லம்மா. தண்ணிக்குள்ள போட்டு அழுக வைக்கணும்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு நல்ல பெரிய இறாலாக ஒன்றைப் பொறுக்கித் தாளில் சுற்றிக் கையில் வைத்தாள். காசு வேண்டாம் என்றுவிட்டாள். "கொண்டு போங்கக்கா. மனசப் போட்டு அலட்டிக்காதிய. எல்லாம் சரியாயிரும்."

ஜூலை 23, செவ்வாய்

வீடு நாறுகிறது. அமோனியா ஏறுகிறது. நல்ல செய்தி.

விசாலாட்சி மைனி வாசலோடு நின்று, "என்ன மைனி, ரிட்டயர்டு ஆனதும் சாப்பாடெல்லாம் மாத்திட்டியளோ?" என்று கேட்டாள். விளக்கினேன். "நான் யார்ட்டயும் சொல்லல மைனி" என்றாள். சாயந்தரம் தெருமுனைப் பூக்காரி வரைக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அமோனியா இறங்குகிறது. நைட்ரைட் இன்னும் பெயில்.

இவர் மொட்டை மாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் துணி எடுக்கப் போனதும், "சரிய்யா, பெறகு பேசுதேன்" என்று வைத்துவிட்டார். யாரென்று கேட்டேன். கடைச் சரக்கு விஷயமாம். சரக்குக்காரனிடம் "சாப்ட்டியா தாயி" என்று கேட்பவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

எழுதாமல் இருந்தால் என்ன, எழுதினால் என்ன. போன வருடம் ஜனவரியில் செண்பகா பெங்களூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் போனில் சொன்னாள். பையன் கன்னடக்காரன், பெயர் சுஹாஸ். பெயரைக் கேட்டால் ஏதோ பற்பசை மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகு நான் அவளோடு பேசவில்லை. இவர் பேசுவது எனக்குத் தெரியாது என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

அமோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். சுதந்திர தினம் சரியாகத்தான் வந்திருக்கிறது. இவருக்கும் எனக்குமாகப் பாயசம் வைத்தேன்.

ஜெபமணி சாருக்குப் போன் செய்தேன். மனுஷன் கறார். "மொதல்ல நத்தை தாரேன் டீச்சர். அது ஒரு வாரம் உயிரோட இருந்தா கலெக்டரம்மாவையும் சாமந்தியையும் தாரேன். சாமந்தி போச்சுன்னா அவ சோறு தின்ன மாட்டா. தெரியும்லா?"

தெரியும். அவளுக்கு அந்தப் பங்களா இல்லாமல் ஆகாது.

ஆகஸ்ட் 17, சனி

தொட்டியிலிருந்து தினமும் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, உள்ளேயே நின்று தண்ணீரைக் கரிப்பாக்கும். அதனால் குறைகிற அளவுக்கு தினமும் நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். ஆர்.ஓ. மெஷின் தண்ணீர்தான் உத்தமம். அந்த வேலையை இவர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் கடைக்குப் போகுமுன் ஊற்றிவிடுகிறாராம். எனக்கே ஆச்சரியம்.

"இந்த ஆர்.ஓ. தண்ணி சப்புன்னுல்லா இருக்கு? ஒரு சத்தும் இல்ல" என்றார்.

"மீனுக்குச் சத்து வேண்டாம். சுத்தம் போதும்" என்றேன். தலையை ஆட்டினார்.

கடையில் இந்த வருடம் செப்புக் குடம் நன்றாகப் போகிறதாம். செம்புத் தண்ணீர் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று யாரோ போனில் வீடியோ போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கும் ஒன்று கொண்டுவந்து அடுப்படியில் வைத்திருக்கிறார். இருக்கிற அடைசலில் இது வேறு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நத்தைகள் வந்தன. கண்ணாடியில் ஏறி மேய்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்ததில் சோறு வடிக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எல்லா நத்தையும் செத்துவிட்டது.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஜெபமணி சார் வீட்டுக்குப் போனேன். இன்னும் கொஞ்சம் நத்தை கேட்கத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை. போன இடத்தில் தொட்டியைப் பார்க்காமல் வர முடியுமா? கலெக்டரம்மா என் சுண்டுவிரல் நீளம் வளர்ந்திருக்கிறாள். சாமந்திக்குள் புரண்டு படுத்திருந்தவள் என்னைக் கண்டதும் நேரே வந்து கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்றாள். கையை உள்ளே விட்டேன். நறுக்கென்று ஒரு கடி.

"ஒங்கள ஞாபகம் வச்சிருக்கா டீச்சர்" என்றார் ஜெபமணி சார்.

"எல்லாரையும்தான சார் கடிப்பா."

"என்னைய இப்பல்லாம் கடிக்கது இல்ல."

திரும்பும்போது ஆட்டோவில் எனக்குக் கண்ணீர் வந்தது. தூசி.

செப்டம்பர் 1, ஞாயிறு

இரண்டாவது தடவை விட்ட நத்தைகளும் போய்விட்டன. அமோனியா பார்த்தேன், நைட்ரைட் பார்த்தேன், உப்பு, சூடு, காரத்தன்மை எல்லாம் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதல் வகுப்பு. பாறையைச் சந்தேகப்பட்டேன், பம்பைச் சந்தேகப்பட்டேன், கொலு பொம்மைப் பெயிண்டைக்கூடச் சந்தேகப்பட்டேன். செம்பு ஒரு பொட்டு இருந்தாலும் நத்தை சாகும், சாமந்தியும் சாகும். ஆனால் வீட்டுக் குழாய் முழுக்க பி.வி.சி. செம்பு எங்கிருந்து வரப்போகிறது?

விசாலாட்சி மைனி கண்ணேறு என்றாள். பூசணிக்காய் சுற்றி உடைக்கச் சொன்னாள். நான் அறிவியல் ஆசிரியை என்று ஞாபகப்படுத்தினேன். "அப்போ எலுமிச்சம்பழமாவது சுத்துங்க" என்றாள்.

சுற்றினேன். யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பழைய பள்ளியில் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். "கவனித்துப் பார்ப்பதே அறிவியலின் முதல் பாடம்" என்று பிள்ளைகளுக்கு நீளமாகப் பேசினேன். பலத்த கைதட்டல். மைக் மக்கர் பண்ணியதால் விழா சீக்கிரம் முடிந்துவிட்டது. கையில் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

செண்பகா ரூமுக்குள் இவர். கடைக்குப் போகாமல் நிற்கிறார். இடுப்பில் செப்புக் குடம். கோயிலில் அபிஷேகம் செய்கிற மாதிரி மெல்ல மெல்லத் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டு, "குடிச்சிக்கிடு தாயி, நல்லாக் குடிச்சிக்கிடு" என்று நத்தையே இல்லாத தொட்டியிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

"என்ன செய்யுதிய?"

"தண்ணி ஊத்துதேன். நீதான ஊத்தச் சொன்ன?"

"எதுல?"

"ஆர்.ஓ. தண்ணிதான் உலகு. நீ சொன்ன அதே தண்ணி. ராத்திரியே பிடிச்சு செப்புக் குடத்துல வச்சிருதேன். காலையில சத்து எறங்கியிருக்கும்லா? கலெக்டரம்மா வார வீடு. வெறுந் தண்ணியவா குடுக்கது?"

பூங்கொத்து கையிலிருந்து விழுந்துவிட்டது. சத்து இறங்கும். நன்றாகவே இறங்கும். சுத்தத் தண்ணீர் பசித்த தண்ணீர், ராத்திரி முழுக்க எந்த உலோகத்தில் வைத்தாலும் கொஞ்சம் தின்றுதான் தீரும். இதை முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். என் அடுப்படியில் குடம் நிற்கிறது, என் புருஷன் பாத்திரக்கடைக்காரர், நான் எலுமிச்சம்பழம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கோட்டி பிடித்த மனுஷன் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். இவர் குடத்தை இறக்கவும் தெரியாமல் அப்படியே நின்றார். "நல்லதுன்னுதான உலகு செஞ்சேன்" என்றார். அது எனக்குத் தெரியாதா? அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

செம்பு பாறைக்குள் ஏறியிருக்கும். பாறையை மாற்றி, தண்ணீரை மாற்றி, மறுபடி இறாலிலிருந்து தொடங்க வேண்டும். செப்டம்பர் இருபதுக்குள் நடக்கவே நடக்காது.

செப்டம்பர் 6, வெள்ளி

இவரோடு பேச்சு இல்லை. இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஜெபமணி சாரிடம் சொன்னேன். வருத்தப்பட்டார். "அப்போ ஓட்டலுக்குச் சொல்லிருதேன் டீச்சர். பதினெட்டாம் தேதி வேன் அனுப்புதாவ." சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு தொட்டி இருக்கு உலகு. நல்ல தொட்டி. ரெண்டு வருசமா ஓடுது. பவளம், சாமந்தி, எல்லாம் உயிரோட இருக்காம்."

"எங்க?"

"பெங்களூர்ல."

"பெங்களூர்ல யார்ட்ட?" என்று கேட்டுவிட்டு நானே நிறுத்திக்கொண்டேன்.

செண்பகா வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முந்தியே வைத்துவிட்டாளாம். உப்பு கலக்குவது, அழுக விடுவது, காத்திருப்பது, எல்லாம் சின்ன வயதில் என் பக்கத்தில் நின்று பார்த்ததுதானாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பழைய தொட்டி செத்த அன்னைக்கு நீ குளிமுறியில உக்காந்து அழுதத அவ பாத்திருக்கா. தொட்டின்னு சொன்னா அம்மா மறுபடி அழுவான்னு சொல்லல."

"கல்யாணம்?"

"வேண்டாம்னு சொல்லிருவியோன்னு பயம்."

"வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? கன்னடமா இருந்தா என்ன, சீனமா இருந்தா என்ன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே, அதத்தான என்னால தாங்க முடியல. எல்லாத்தையும் ஒளிச்சு வைக்க அளவுக்கு நான் என்ன அவ்வளவு பயங்கரமானவளா?"

இவர் எழுந்து போய் மாடித் துணியை எடுத்து வந்து மடிக்க ஆரம்பித்தார். முப்பது வருட அனுபவம்.

செப்டம்பர் 9, திங்கள்

நான் போய் அவளிடம் கேட்க மாட்டேன். ஒரு மீனுக்காக.

செப்டம்பர் 12, வியாழன்

சும்மா, தூத்துக்குடிக்கு ஒரு சோலியாகப் போயிருந்தேன். போன இடத்தில் அந்த ஓட்டலில் ஒரு காப்பி குடிக்கலாம் என்று தோன்றியது.

வரவேற்பறையில் தொட்டி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று கல்யாண மண்டப வாசல் மாதிரி விளக்கு மாறி மாறி எரிகிறது. அடியில் ஒரு பிளாஸ்டிக் மண்டை ஓடு வாயைத் திறந்து குமிழி விடுகிறது. இரண்டு பிள்ளைகள் கரண்டியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தன. சர்வர் தம்பி வந்து பரோட்டாவைப் பிய்த்து உள்ளே போட்டார்.

"தம்பி, அது என்ன திங்கும்னு தெரியுமா?"

"என்ன போட்டாலும் திங்கும்மா. சால்னா மட்டும் ஊத்த மாட்டோம்" என்றார்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

போன் செய்தேன். இவர் கடையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அம்மா பேசுதேன்" என்றேன். "ஒன் தொட்டில உப்பு எவ்வளவு?"

"முப்பத்தஞ்சும்மா."

"நைட்ரேட்?"

"அஞ்சுக்குள்ளதான்."

"சூடு?"

"இருவத்தஞ்சு, இருவத்தாறு."

"சாமந்திக்குத் தக்கன வெளிச்சம் இருக்கா?"

"இருக்கும்மா."

எல்லாம் சரியான விடை. வேறு கேள்வி என்னிடம் இல்லை. "கலெக்டர நீ கொண்டுபோறியா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

அந்தப்பக்கம் அழுதுவிட்டாள். "நீ கேக்க மாட்டியான்னு ரெண்டு மாசமா காத்துக்கிட்டு இருக்கேன்மா. அப்பா ஜூலையிலயே சொல்லிட்டாவ. நானா கேட்டா நீ திட்டுவியோன்னு…" மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கிழம வாரோம். இவர்தான் கார் ஓட்டணும், நான் வாளியப் பிடிச்சுக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, இவர் வீட்டுக்குள்ள வரலாமா? இல்ல, கார்லயே இருக்கட்டுமா?"

என் பிள்ளை என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கிறாள். ஒன்றரை வருடமாக அவளை அப்படி வைத்திருக்கிறேன்.

"வெயில்ல கார்ல உக்காந்தா மனுசன் வெந்து போவான். உள்ள வரச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டேன். மனிதாபிமானத்தில் சொன்னது.

செப்டம்பர் 16, திங்கள்

நேற்று எழுத நேரமில்லை.

மத்தியானம் வந்தார்கள். செண்பகா வாசலில் நின்றாள். மெலிந்திருக்கிறாள். "எளச்சிட்ட" என்றேன். "நீயும்தான்" என்றாள். பின்னால் அந்தப் பையன், கையில் ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டி, நெட்டையாக, பரீட்சைக்கு ஹால் டிக்கெட் மறந்து வந்தவனைப் போல. "வணக்கம் அத்தே" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு, செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். இவர் போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் நேராக ஜெபமணி சார் வீடு. ஓட்டல்காரரிடம் வேன் வேண்டாம் என்று அவர் முன்னமே சொல்லிவிட்டார். சாமந்தி பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் காயப்படுத்தாமல் எடுக்க வேண்டும், இல்லையென்றால் வழியிலேயே அழுகிவிடும். பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். கலெக்டரம்மா விடுவாளா? விரலில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, திரும்பி வந்து அதே விரலில் இன்னொன்று. ரத்தம் வந்துவிட்டது. அவன் கையை எடுக்கவும் இல்லை, உதறவும் இல்லை. பாறையிலிருந்து சாமந்தியின் அடியை நகத்தால் தள்ளித் தள்ளி, கன்னடத்தில் அவளிடம் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே, முழுசாக எடுத்து வெளியே கொண்டுவந்தான். ஒரு கிழிசல் இல்லை.

"என்ன சொல்லுதாரு?" என்று செண்பகாவிடம் கேட்டேன்.

"'கோவப்படாதீங்க மேடம், வீட்டோடதான் கூட்டிட்டுப் போறோம்'னு."

ஜெபமணி சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டு வருடம் வளர்த்தவர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கலெக்டரம்மாவையும் பங்களாவையும் வாளியில் காற்று ஓடவிட்டு எங்கள் வீட்டில் வைத்தோம். இன்று விடியற்காலை கிளம்புவதாக ஏற்பாடு. வாளியை வைத்த பிறகுதான் நேற்றுச் சாப்பாடு. இவர் இலை போட வந்து, சட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"உலகு. சொதியா?"

"தேங்கா ரெண்டு மிச்சம் கெடந்துச்சு, பால் எடுத்துக் கொழம்பு வச்சிட்டேன். சும்மா போட்டா கெட்டுப் போயிரும்லா?"

"இஞ்சித் துவையல்?"

"இஞ்சியும் கெடந்துச்சு."

இவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அவனுக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மாப்ள, எங்க திருநவேலில கல்யாணத்துக்கு மறுநா, பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்குச் சொதி வச்சுத்தான் சாப்பாடு போடுவாவ. மாப்பிள்ளைச் சொதின்னு பேரு. வேற யாருக்காகவும் இந்த வீட்டுல இத வச்சது இல்ல."

செண்பகா இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டாள். "சாப்பிடுத நேரத்துல என்ன அழுக? சொதி ஆறுது" என்று அதட்டிவிட்டு அடுப்படிக்குள் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பையன் கையில் பிளாஸ்திரி சுற்றியிருந்ததால் அவனுக்கு ஸ்பூன் கொடுத்தேன். வேண்டாம் என்று கையாலேயே பிசைந்து சாப்பிட்டான். சொதி சூடு புண்ணில் பட்டு முகம் சுளித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்று தடவை வாங்கிக்கொண்டான். எனக்குச் சட்டியை வழித்துத்தான் கிடைத்தது.

இன்று இருட்டோடு கிளம்பினார்கள். சாயந்தரம் செண்பகா போன். சாமந்தி தொட்டியில் கால் ஊன்றிவிட்டதாம், கலெக்டரம்மா நேரே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாளாம், போட்ட தீனியையும் தின்றாளாம். "தீபாவளிக்கு வாரோம்மா" என்றாள்.

வரட்டும். ஆனால் எத்தனை நாள் தங்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு இரண்டு தேங்காய் பத்தாது.